தோட்டப் பாடசாலையிலிருந்து வானியல் விஞ்ஞானியோடு பேச வேண்டுமா? இப்படிச் செய்யுங்கள்

ஒக்டோபர் மாதத்தில் ஒரு புதன்கிழமை. நிகழ்ச்சி பகல் 12.15க்கு. பெங்களூரிலிருந்து ஒரு வானியல் ஆய்வாளர், தமிழர், நேரத்துக்குத் திரையில் வந்து காத்திருக்கிறார். மண்டபத்தில் தொண்ணூறு பிள்ளைகள். மங்கள விளக்கு, பாடசாலைக் கீதம், வரவேற்பு நடனம், அதிபர் உரை, பழைய மாணவர் சங்கத்துக்காரர் ஒருவரின் உரை. விஞ்ஞானி வாய் திறக்கும்போது மணி 12.52. சந்திரயானைப் பற்றி ஏழு நிமிடம் பேசியிருப்பார். மலைக்கு அந்தப் பக்கம் ஓர் இடி, கரண்ட் போய்விட்டது. கூடவே ரவுட்டரும். 1.30க்கு மணி அடித்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் அந்த நிகழ்ச்சியை ஒழுங்கு செய்த விஞ்ஞான ஆசிரியர் நான்தான். நான்கு மாதம் கழித்து, பெப்ரவரியில், அதே மனிதரோடு எழுபது நிமிடம் பேசினோம். இரண்டுக்கும் நடுவில் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன், நீங்களும் படாமல் இருக்க. விஞ்ஞானி கிடைப்பாரா என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் இருப்பதிலேயே இலகுவான வேலை அதுதான்.

1. ஆளைத் தேடுவது

முதல் தடவை தமிழ் பேசுபவரையே பிடியுங்கள். மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் பாதி நேரம் அதிலேயே போய்விடும், பிள்ளைகளும் வாய் திறக்க மாட்டார்கள். இந்தியாவில் இருப்பவரானால் இன்னொரு வசதி, அவருக்கும் நமக்கும் ஒரே கடிகாரம். பெங்களூரில் இந்திய வான் இயற்பியல் மையம், சென்னையில் கணித அறிவியல் நிறுவனம், புனேயில் ஐயூகா என்று தமிழர்கள் வேலை செய்யும் ஆய்வு நிலையங்கள் பல இருக்கின்றன.

பிள்ளைகளைக் கேட்டால் சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல்தான் வேண்டும் என்பார்கள். இல்லையென்றால் சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி. ஆசை நல்லதுதான். ஆனால் இஸ்ரோவில் பணியில் இருப்பவர்கள் வெளியார் நிகழ்ச்சியில் பேச மேலிடத்து அனுமதி எடுக்க வேண்டும், அவர்களுக்கு வரும் அழைப்புகளும் ஏராளம். பிரபலமானவருக்கு எழுதிவிட்டு மாதக் கணக்கில் காத்திருப்பதைவிட, முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருக்கும் இளம் ஆய்வாளர் ஒருவருக்கு எழுதுங்கள். அவர்களுக்கு நேரமும் இருக்கிறது, ஆர்வமும் இருக்கிறது. எனக்குப் பதில் வர இரண்டு நாள்தான் ஆனது.

பெயரையும் மின்னஞ்சலையும் எங்கே எடுப்பது? ஆர்க்சைவ் என்ற இணையத்தளத்தில் வானியல் ஆய்வுக் கட்டுரைகள் இலவசமாகக் கிடக்கின்றன. ஒரு கட்டுரையைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே எழுதியவர்களின் பெயர், நிறுவனம், பல இடங்களில் மின்னஞ்சலும் இருக்கும். தமிழ்ப் பெயராகத் தெரிந்தால் எழுதிப் பார்க்க வேண்டியதுதான். நான் ஐந்து பேருக்கு எழுதினேன், மூன்று பேர் பதில் போட்டார்கள்.

நம் நாட்டிலேயே தேடுவதென்றால் மொரட்டுவை கட்டுபெத்தையில் ஆர்தர் சி. கிளார்க் நிறுவனம் இருக்கிறது. 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி அங்கேதான் இருக்கிறது. 2019இல் விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்ட இராவணா-1, ஒரு கிலோ அளவே உள்ள சின்னச் செய்மதி, இந்த நிறுவனத்தோடு தொடர்புடையது. கண்டிப் பக்கம் இருப்பவர்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறை கிட்ட. யார் தமிழில் பேசுவார் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் பரவாயில்லை என்றால் இரண்டு வழி. சர்வதேச வானியல் ஒன்றியம், ‘மீட் த ஐஏயூ அஸ்ட்ரோனமர்ஸ்’ என்ற திட்டத்தில் பாடசாலைகளை வானியலாளர்களோடு இணைத்துவிடுகிறது. ‘ஸ்கைப் எ சயன்டிஸ்ட்’ என்ற அமைப்பும் வகுப்புகளுக்கு ஆள் பொருத்திக் கொடுக்கிறது. பெயரில்தான் ஸ்கைப், பேசுவது வேறு செயலியில். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. விஞ்ஞானியோடு பேசவைக்கிறோம், சான்றிதழும் தருகிறோம் என்று யாராவது பிள்ளைக்கு இவ்வளவு என்று பணம் கேட்டால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

விண்வெளி நிலையத்தில் இருக்கும் வீரர்களோடு அமெச்சூர் ரேடியோவில் பேசும் ஏரிஸ் என்ற திட்டமும் உண்டு. கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் விண்ணப்பித்து மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும், கிடைப்பதோ பத்து நிமிடம், நிலையம் நம் வானத்தைக் கடக்கும் நேரம் அவ்வளவுதான். உரிமம் பெற்ற ரேடியோக்காரர் ஒருவரின் துணையும் தேவை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் நீங்களாக செட் வாங்கிப் பேச முடியாது. அதை இரண்டாம் மூன்றாம் வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

2. மின்னஞ்சல்

என் முதல் மின்னஞ்சலில் ‘எமது மாணவர்களுக்கு விண்வெளி பற்றி உரையாற்றுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கின்றேன்’ என்று எழுதினேன். அதற்குப் பதிலே வரவில்லை. வந்திருந்தால்தான் ஆச்சரியம். விண்வெளி பற்றி என்றால் எதைப் பேசுவது?

பிறகு எழுதியது பத்தே வரி. நாங்கள் யார், எங்கே இருக்கிறோம். பிள்ளைகள் எத்தனை பேர், எந்தத் தரம். உங்கள் எந்தக் கட்டுரையைப் பார்த்து எழுதுகிறோம். எத்தனை நிமிடம் வேண்டும். வசதியான மூன்று திகதிகள். கடைசியாகப் பிள்ளைகள் கேட்ட இரண்டு கேள்விகள், அவர்கள் எழுதியபடியே. அந்த இரண்டு கேள்விதான் வேலை செய்தது என்று அவரே பிறகு சொன்னார். ‘நிலாவில் தேயிலை நட்டால் வருமா?’ என்பது அதில் ஒன்று.

உங்கள் சொந்த மின்னஞ்சலில் இருந்தே எழுதலாம். பாடசாலை மின்னஞ்சலை யார் திறந்து பார்க்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். பத்து நாளாகியும் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு தடவை நினைவூட்டுங்கள், அதற்கும் இல்லையென்றால் அடுத்த ஆள்.

3. கடிதங்கள்: இங்கேதான் நாள் போகும்

ஒரு கோப்பு வாங்கி இவற்றைப் போட்டு வையுங்கள்.

அதிபருக்கு உங்கள் கோரிக்கைக் கடிதமும் அதில் அவருடைய ஒப்பமும். வலயக் கல்விப் பணிமனைக்கு அதிபர் வழியாகப் போகும் கடிதம்: வெளியிலிருந்து ஒருவர் பிள்ளைகளோடு பேசுகிறார் என்பதால் அனுமதி கேட்டு. பேசுபவரின் பெயர், நிறுவனம், தகுதி அடங்கிய ஒரு பக்கக் குறிப்பு. நிகழ்ச்சி நிரல். பெற்றோர் சம்மதக் கடிதங்கள். விஞ்ஞானிக்குப் பாடசாலைக் கடிதத் தலைப்பில் ஓர் அழைப்பு, தமிழில் ஒன்று ஆங்கிலத்தில் ஒன்று. சிலருக்கு அவர்கள் நிறுவனத்தில் காட்ட அது தேவைப்படும்.

எங்கள் கடிதம் வலயத்தில் மூன்று வாரம் கிடந்தது. யாரும் வேண்டுமென்று தாமதிக்கவில்லை, இப்படி ஒரு கடிதத்தை எந்தப் பாட உத்தியோகத்தரின் மேசைக்கு அனுப்புவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே கடிதத்தின் தலைப்பிலேயே ‘விஞ்ஞான பாட இணைச்செயற்பாடு’ என்று எழுதி, விஞ்ஞானத்துக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளருக்குப் பிரதி போடுங்கள். தபாலை நம்பாமல் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பெற்றோர் சம்மதத்தில் ஒரு சூட்சுமம். திங்கட்கிழமை கொடுத்தால் அந்தக் கடிதம் புத்தகப் பைக்குள்ளேயே கிடந்து கசங்கும். விடிய, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் அம்மா மலையிலிருந்து வந்து, சமைத்து, பிள்ளை தூங்கிய பிறகுதான் உட்காருவார். வெள்ளிக்கிழமை கொடுத்தனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை கையெழுத்தாகும். படம் எடுப்போமா, வீடியோ பதிவு செய்வோமா என்பதைத் தனித்தனி வரியாகக் கேளுங்கள். ‘பேசலாம், படம் வேண்டாம்’ என்று எழுதிய பெற்றோர் எங்களுக்கு நான்கு பேர். அந்தப் பிள்ளைகளைக் கமரா பார்க்காத பக்கம் உட்காரவைத்தோம்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து எட்டுக் கிழமை வைத்துக்கொள்ளுங்கள். ஆறு கிழமையிலும் முடியும், ஆனால் தலைவலியோடு.

4. திகதியும் நேரமும்

ஒக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம் என்று பார்த்ததும் நான் அதில் விழுந்தேன். அந்த வாரத்தில் எல்லா விஞ்ஞானிகளுக்கும் அழைப்பு இருக்கும். நமக்கோ அதை ஒட்டிய நாட்களில்தான் சிறுவர் தினம், ஆசிரியர் தினம். போதாததற்கு ஒக்டோபர், நவம்பரிலும் மார்ச், ஏப்ரலிலும் பகலுக்குப் பிறகு இடி மழை. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தவர்களுக்கு ஜனவரி முடிவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நல்ல காலம். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் வருஷக் கடைசி மழை ஓய்ந்த பிறகு பாருங்கள். எந்த மாதமானாலும் காலை 8.30க்கும் 11க்கும் இடையில் முடித்துவிடுங்கள்.

வெளிநாட்டவரானால் நேரக் கணக்கில் கவனம். பிரித்தானியா கோடையில் நம்மைவிட நாலரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. ஜப்பான் எப்போதும் மூன்றரை மணித்தியாலம் முன்னால், அதனால் நம் காலை அவர்களுக்கு நண்பகல். கலிபோர்னியா கோடையில் பன்னிரண்டரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. நமக்குக் காலை 9 மணி என்றால் அங்கே முதல் நாள் இரவு. திகதி மாறுகிறது என்பதைக் கடிதத்தில் எழுதுங்கள், இல்லாவிட்டால் அவர் ஒரு நாள் பிந்தி வந்து நிற்பார். மார்ச் மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் கடிகாரத்தை மாற்றுவார்கள், அந்தக் கிழமைகளைத் தவிருங்கள்.

5. சொற்பட்டியல்

இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அந்த ஏழு நிமிடத்துக்குள்ளேயே நடந்தது இது.

தரம் 10 மாணவன் ஒருவன் எழுந்து, ‘சேர், ரொக்கெட்டின் கதி என்ன?’ என்று கேட்டான். விஞ்ஞானி முகம் கொஞ்சம் வாடிவிட்டது. ‘பாவம்தான் தம்பி, எரிந்து முடிந்த பாகமெல்லாம் கடலில் விழுந்துவிடும்’ என்று ஆரம்பித்து, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ரொக்கெட்டின் அடிப்பாகங்கள் எப்படிக் கழன்று விழுகின்றன என்று விளக்கினார். பையன் விழித்தான். நம் பாடநூலில் கதி என்றால் ஒரு செக்கனில் எவ்வளவு தூரம் போகிறது என்பது. அவர் படித்த தமிழில் கதி என்றால் தலைவிதி.

பையன் கேட்ட கேள்விக்கு விடை பெப்ரவரியில்தான் கிடைத்தது. புவிக்கு அருகே சுற்றிவர வேண்டுமானால் செக்கனுக்கு ஏறக்குறைய 7.8 கிலோமீற்றர். ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் நாலரை மணித்தியாலம் ஆகிறதே, அந்தக் கதியில் இருபது செக்கனுக்குள் போய்விடலாம். மண்டபமே சிரித்தது, முக்கியமாகப் பஸ்ஸில் வாந்தி எடுப்பவர்கள்.

ஆகவே தமிழ்நாட்டுக்காரரோடு பேசுவதென்றால் ஒரு பக்கச் சொற்பட்டியல் தயாரித்து ஒரு கிழமைக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். பிள்ளைகளுக்கும் பிரதி கொடுங்கள். நான் அனுப்பியதில் சில: நாம் பௌதிகவியல் என்பது அவர்களுக்கு இயற்பியல். செய்மதி அங்கே செயற்கைக்கோள். தொலைகாட்டி, தொலைநோக்கி. ஞாயிற்றுத் தொகுதி, சூரியக் குடும்பம். மீடிறன், அதிர்வெண். அமுக்கம், அழுத்தம். ஒட்சிசன், ஆக்சிஜன். நம் கதி அவர்களுக்கு வேகம், நம் வேகம் அவர்களுக்குத் திசைவேகம். கடைசியில் சொன்னதுதான் பொல்லாதது, ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருள். இந்தச் சோடியை இரண்டு தடவை அடிக்கோடிடுங்கள்.

அவருக்குப் பட்டியல் மிகவும் பிடித்துவிட்டது. இரண்டாம் தடவை ‘மீடிறன்’ என்று தானே சொல்லிவிட்டு, சரியா என்று பிள்ளைகளைக் கேட்டார்.

6. கேள்விகளைச் சேர்ப்பது

‘கேள்வி இருந்தால் கேளுங்கள்’ என்று மண்டபத்தில் சொன்னால் நம் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். இரண்டு கிழமைக்கு முன்பே ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து, பெயர் எழுதாமல் ஒரு கேள்வி எழுதச் சொல்லுங்கள். இணையத்தில் ஒரு நொடியில் விடை கிடைப்பவற்றை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டைத் தெரிந்தெடுங்கள். நன்றாகப் படிக்கும் நான்கு பேரே எல்லாவற்றையும் கேட்கும்படி விட்டுவிடாதீர்கள்.

எங்கள் ஊரில் இருந்தே பிறக்கும் கேள்விகள்தான் விஞ்ஞானியையும் யோசிக்கவைத்தன. தரம் 9 பிள்ளை ஒருத்தி கேட்டது: ‘பீதுருதாலகால 2,524 மீற்றர். கொடைக்கானல் வானாய்வகம் அதைவிட உயரம் குறைவு. அங்கே 1899இலேயே வைத்துவிட்டார்கள், இங்கே ஏன் வைக்கவில்லை?’

உயரம் மட்டும் போதாது என்றார். மேகம் இல்லாத இரவுகள் வேண்டும், காற்றில் ஈரம் குறைவாக இருக்க வேண்டும். கொடைக்கானலில் பார்ப்பது முக்கியமாகச் சூரியனை. இரவு வானத்துக்கான பெரிய தொலைநோக்கியைப் பிறகு தமிழ்நாட்டுக் காவலூரில் வைத்தார்கள், அதற்கும் பிறகு லடாக்கில் ஹன்லேயில், 4,500 மீற்றர் உயரத்துக் குளிர்ப் பாலைவனத்தில். சொல்லி முடித்துவிட்டு அவர் திருப்பிக் கேட்டார்: ‘உங்கள் மலையில் வருஷத்தில் எத்தனை இரவு மேகமில்லாமல் இருக்கும்?’

யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

தேயிலைக் கேள்விக்கும் பதில் வந்தது. 2022இல் அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில், அப்பொலோ பயணங்களில் கொண்டுவந்த நிலவு மண்ணில் கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றை முளைக்கவைத்திருக்கிறார்கள். முளைத்தது, ஆனால் மெதுவாகவும் நோஞ்சானாகவும் வளர்ந்தது. தேயிலை புளிப்பு மண் கேட்கும், அதற்கு இன்னும் பாடுபட வேண்டும் என்றார். ‘அங்கேயும் நாங்கதான் கொழுந்து பறிக்கணுமா சேர்?’ என்று பின்னாலிருந்து ஒரு குரல். அது பட்டியலில் இல்லாத கேள்வி.

7. கரண்ட், சிக்னல், கூரை

சிக்னலை முதல் நாள் அதே நேரத்தில், அதே அறையில் சோதியுங்கள். ஒபிஸ் அறையில் நான்கு கோடு காட்டும், மண்டபத்தில் ஒன்று. இரண்டு வெவ்வேறு நிறுவன சிம் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு ஒரு மணித்தியாலத்துக்கு ஒன்று முதல் இரண்டரை ஜிபி வரை இழுக்கலாம், ஐந்து ஜிபி போட்டு வைத்தால் பயமில்லை.

ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் வெட்டிவிடும். கூட்டத்தை விஞ்ஞானியையே அவர் நிறுவனக் கணக்கில் திறக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் அந்த வரையறை இருக்காது.

மடிகணினி முழுச் சார்ஜில் இருக்கட்டும். ரவுட்டருக்குப் பதில் போன் ஹொட்ஸ்பொட்டை நம்பினால் கரண்ட் போனாலும் பேச்சு தொடரும், படம் மட்டும் சின்னத் திரைக்கு வந்துவிடும். சத்தத்துக்கு பற்றரியில் ஓடும் ஸ்பீக்கர் ஒன்று கட்டாயம்.

தகரக் கூரை மண்டபமானால் மழை வந்தால் எந்த ஸ்பீக்கரும் எடுபடாது. சீலிங் அடித்த வகுப்பறை ஒன்று இருந்தால், இடம் நெருக்கடியாக இருந்தாலும் அங்கேயே வையுங்கள். தொண்ணூறு பிள்ளைகளை நாற்பதாகக் குறைத்ததும் எங்களுக்கு நன்மையாகத்தான் முடிந்தது.

8. அந்த நாள்

வரவேற்பு எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம். இதை அதிபரிடம் தனியாக, மரியாதையாக, முதல் கிழமையே பேசிக்கொள்ளுங்கள். விளக்கேற்றலையும் உரைகளையும் விஞ்ஞானி வருவதற்கு அரை மணித்தியாலம் முன்பே நடத்தி முடிக்கலாம் என்று சொன்னால் யார் மனமும் நோகாது. எங்கள் அதிபர் உடனே ஒத்துக்கொண்டார். பொன்னாடை போர்த்த வேண்டுமே என்று ஒருவர் கவலைப்பட்டார், திரைக்கு எப்படிப் போர்த்துவது என்று கேட்டதும் விட்டுவிட்டார்.

அப்புறம் பேச்சு இருபது நிமிடம், மீதி எல்லாம் கேள்வி. கேட்கும் பிள்ளை போனுக்குக் கிட்ட வந்து முதல் பெயரையும் தரத்தையும் மட்டும் சொன்னால் போதும். பதில் சொல்லி முடிந்ததும் உடனே அடுத்தவரைக் கூப்பிடாமல் ஐந்து செக்கன் விடுங்கள், இணையத்தில் குரல் பிந்தி வரும்.

9. செலவு

இரண்டாம் தடவை என் கையிலிருந்து போனது: புரொஜெக்டர் வாடகை 3,000 ரூபா, டேட்டா 900, போட்டோக் கொப்பி 650, வலயத்துக்கு இரண்டு தடவை போய்வர பஸ் 480, பிள்ளைகளுக்கு பனிஸும் பிளேன்டீயும் 2,800. மொத்தம் 7,830 ரூபா. பாடசாலையில் பெரிய தொலைக்காட்சி இருந்தால் புரொஜெக்டர் செலவு மிச்சம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் கேட்பதென்றால் முன்கூட்டியே கேளுங்கள். நிகழ்ச்சி முடிந்து பில்லோடு போன எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

10. முடிந்த பிறகு

ஒரு கிழமைக்குள் நன்றி மின்னஞ்சல், கேட்க நேரம் கிடைக்காத கேள்விகளோடு. வலயத்துக்கு ஒரு பக்க அறிக்கை, அடுத்த வருஷம் அனுமதி சீக்கிரம் வரும்.

சூட்டோடு சூடாக ஓர் இரவு வானம் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் நச்சரிப்பார்கள். விடுமுறை என்று போயா தினத்தைத் தெரிந்தெடுக்காதீர்கள், முழுநிலா வெளிச்சத்தில் உடுக்கள், அதாவது நட்சத்திரங்கள், மங்கிவிடும். அமாவாசைக்குப் பிறகு இரண்டு மூன்று நாளில், பிறை சீக்கிரம் மறையும் இரவு நல்லது. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்துத் திடலில் கூடுவதானால் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள், மடுவத்து லைட்டை ஒரு மணித்தியாலம் அணைக்கவும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். துருவ உடுவைக் காட்டுவேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். நம் மலையகத்திலிருந்து அது அடிவானத்துக்கு ஏறக்குறைய ஏழு பாகைதான் மேலே, எங்கள் ஊரில் எதிர் மலை மறைத்துவிடுகிறது.

விஞ்ஞானி திருப்பிக் கேட்ட கேள்வியைப் பிள்ளைகள் விடவில்லை. ஒரு சிஆர் கொப்பி வாங்கி, அட்டையில் ‘வானத்துச் செக்ரோல்’ என்று எழுதியிருக்கிறார்கள். செக்ரோல் என்றால் தோட்டத்தில் வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போடும் பதிவேடு. தினமும் இரவு 7.30க்கு லயத்து வீட்டு வாசலில் நின்று பார்த்து, மேகமில்லை என்றால் முழுப் பேர், பாதி மூடியிருந்தால் அரைப் பேர், மூடிக்கிடந்தால் பேர் இல்லை. மாதக் கடைசியில் பக்கத்தைப் படமெடுத்து அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். ஜூன் மாதத்தில் வானம் வேலைக்கு வந்தது மொத்தம் இரண்டரைப் பேர்.